பதினோரு பங்குக் காடு

மரத்தைக் காட்டிப் பிழைப்பது சுலபமான தொழில் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு என்னோடு ஊருணிக் கரைக்கு வரவேண்டும். மரம் அது பாட்டுக்கு நின்ற இடத்தில் நிற்கும், பார்க்க வந்தவர்கள்தான் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள்.

கோயிலில் தல வரலாறு சொல்பவர்கள், மியூசியத்தில் ‘தொடாதீங்க’ என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவர்கள், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற பீரியடில் பாடம் நடத்தியவர்கள், உங்களை எல்லாம் என் சொந்தக்காரர்களாகவே நினைத்து இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

காப்பகம் பிறந்த விதம்

நான் படித்தது தாவரவியல். ஒரு தனியார் கல்லூரியில் எட்டு வருஷம் பாடம் நடத்தினேன். அப்புறம் சேர ஆள் இல்லை என்று அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். கடைசி வருஷம் என் வகுப்பில் மூன்று பேர். ஒருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது, ஒருவன் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாறிவிட்டான், மூன்றாவது ஆளை நான் பரீட்சை ஹாலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வேலை போன பிறகு சிங்கம்புணரியிலிருந்து பஸ் ஏறி, ஆத்தங்குடிப் பக்கம் ஒரு பழைய பெரிய வீட்டை ஹோட்டலாக நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். மேனேஜர் ஷாஜஹான் பாய், துபாயில் பதினெட்டு வருஷம் ஹோட்டல் வேலை பார்த்துத் திரும்பியவர். வெறும் மணலைக் காட்டியே ஜனங்களைச் சந்தோஷப்படுத்துகிற ஊரிலிருந்து வந்தவர் என்பதால், வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த காட்டைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்திருக்கிறது.

காடு என்றால் யானை உலாவுகிற காடு இல்லை. ஒரு ஊருணி, அதைச் சுற்றி முள்ளும் புதரும், நடுநடுவே வீரை, குருந்து, உசிலை, உலக்கைப்பாலை என்று நல்ல மரங்கள். வீட்டைப் போலவே காடும் ஒரே குடும்பத்தின் பதினோரு பங்காளிகளுக்குப் பொது. அவர்கள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். இதுவரை யாரும் பிரித்துக்கொள்ளவில்லை, யாரும் விற்கவில்லை, யாரும் ஒரு மரத்தை வெட்டவும் இல்லை. ஒருவர் வெட்டினால் பத்துப் பேர் கேட்பார்கள். அதனால் ஊரில் அதற்குப் பெயரே பதினோரு பங்குக் காடு. வீட்டை வாடகைக்கு எடுத்தபோது, விருந்தாளிகள் காட்டுக்குள் நடந்துவிட்டு வரவும் பாய் வாய்மொழியாக அனுமதி வாங்கிவிட்டார். அந்த நடையை நடத்துவதுதான் என் வேலை.

நான் சேர்ந்த அன்று காட்டு வாசலில் பெயின்டர் ஒருவர் ‘இயற்கைக் காப்பகம்’ என்று பச்சை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். காப்பகம் என்றால் அரசாங்கம் அல்லவா அறிவிக்க வேண்டும் என்று பாயிடம் கேட்டேன். அவர் சொன்னார்: “அறிவிக்கிறதுக்குத்தானே டீச்சர் போர்டு எழுதுறோம்!”

உதிராத இலை

ஐப்பசியும் கார்த்திகையும்தான் எங்களுக்கு சீசன். பாய் அதற்கு ‘இலையுதிர்கால வன உலா’ என்று பெயர் வைத்து, நோட்டீஸில் செக்கச்செவேலென்று ஒரு மரத்தின் படத்தையும் போட்டுவிட்டார். அது எந்த நாட்டு மரமோ எனக்குத் தெரியாது. நம் பக்கத்தில் ஐப்பசி மழைக்கு மரம் துளிர்க்கும், மொட்டையாக நிற்பதெல்லாம் பங்குனி வெயிலில்தான் என்று எடுத்துச் சொன்னேன். பங்குனியில் யார் வருவார்கள் என்று கேட்டு அவர் பேச்சை முடித்துவிட்டார்.

பெங்களூரிலிருந்து ஒருவர் மனைவியோடும் மூன்று கேமராக்களோடும் வந்தார். ராத்திரி பெய்த மழை விட்டு, காடே கழுவிவிட்ட மாதிரி இருந்த காலை. வேலி முழுக்க முடக்கத்தான் கொடி, குட்டிக் குட்டிப் பச்சை பலூன் தொங்கவிட்டிருந்தது. தும்பை பூத்திருந்தது. புதருக்குள்ளிருந்து செங்காந்தள் தலையை நீட்டிப் பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாக நின்றது. எனக்கே பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அவரோ நான் எதைக் காட்டினாலும் “நைஸ்” என்று சொல்லிவிட்டு, “அந்தச் சிவப்பு மரம் எப்ப வரும்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றரை மணி நேரமும் இதே கேள்விதான். திரும்பி வரும்போது, ஹோட்டலில் கார் நிறுத்துகிற இடத்தில் நிற்கிற வாதாமரத்தில் பழுத்த இலை ஏழெட்டு சிவந்து தொங்குவதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். மனைவியை அதன் கீழே நிற்க வைத்து, உட்கார வைத்து, சாய்ந்துகொள்ள வைத்து, இலையை மேலிருந்து தூவவிட்டு, கேமரா மூன்றிலும் படம் எடுத்தார். புறப்படும்போது என்னைக் கும்பிட்டு மனசாரச் சொன்னார்: “காட்டை விட உங்க கார் பார்க்கிங் ரொம்ப நல்லா இருக்கு மேடம்.”

பதினைந்தில் நாலு போனால்

ஆரம்பத்தில் நடைக்கு நான் பதினைந்து இடம் குறித்திருந்தேன். ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒரு செடி, ஒரு மரம் என்று சொல்லிக்கொண்டே போவது. முதல் வாரத்திலேயே பாய் கூப்பிட்டு, எட்டே காலுக்குப் போடுகிற இட்லி விருந்தாளிகள் வந்து சேர்வதற்குள் ஆறிப்போகிறது, சமையல்காரர் கோபித்துக்கொள்கிறார், நாலு இடத்தைக் குறையுங்கள் என்றார். நான் பெற்ற பிள்ளைகளில் நாலைக் குறைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அழாத குறையாக ஆதண்டை, நொச்சி, வெப்பாலை, பிரண்டை நாலையும் பட்டியலில் அடித்தேன். மிச்சம் பதினொன்று.

பெயின்டர் தகரத்தில் வட்டமாக வெட்டி, மஞ்சளில் சிவப்பாக ஒன்றிலிருந்து பதினொன்று வரை எழுதிக்கொண்டு வந்தார். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்து கயிற்றால் கட்டவைத்தேன். ஊருணிக் கரையில் கல் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற உலக்கைப்பாலைக்கு ஏழு. அதை நாலு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். கடைசியில் செங்காந்தளுக்குப் பதினொன்று. வாசலிலேயே கழிப்பறை ஓரமாக நிற்கிற சீமைக்கருவேலத்துக்கு ஒன்று. வந்தவர்கள் முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளட்டும், அப்புறம் சொந்தக்காரர்களைப் பார்க்கட்டும் என்பது என் திட்டம். கட்டி முடித்துவிட்டு பெயின்டர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “ஒண்ணாம் நம்பரைப் போயி இந்தச் சனியனுக்குக் கட்டச் சொல்றீகளே டீச்சர், யாராச்சும் கோவிச்சுக்கப் போறாக.”

சுகருக்குக் கேக்குமா?

காரைக்குடியிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் நடைக் குழு ஒன்று வேன் வைத்துக்கொண்டு வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் வெள்ளை கேன்வாஸ் ஷூ, எல்லாருக்கும் ஏதாவது ஒரு வியாதி. ஆவாரையைக் காட்டினேன், “சுகருக்குக் கேக்குமா?” என்றார்கள். முடக்கத்தானைக் காட்டினேன், “மூட்டுக்குத்தானே?” என்று ஒருவர் பைக்குள் திணித்துக்கொண்டார். உசிலை, குருந்து, வீரை எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான், உறுப்பு மட்டும் மாறியது. செங்காந்தளிடம் வந்ததும் ஒருவர் கிழங்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று விசாரித்தார். விஷம், தொடாதீர்கள் என்றேன். யாரும் நகரவில்லை. “சுகரை ஏத்திரும்” என்றேன். அத்தனை பேரும் ரெண்டடி பின்னால் போனார்கள். நான் சொன்னது பொய், அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

திரும்பி வரும் வழியில் உலக்கைப்பாலை அடியில் இளைப்பாற உட்கார்ந்தார்கள். இது எதற்குக் கேட்கும் என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள். எனக்கும் பொறுமை போய்விட்டது. இது எதற்கும் கேட்காது, சும்மா நிற்கும், எத்தனை தலைமுறையாக நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது, பாதி ஊர்ப் பறவைக்கு இதுதான் வீடு என்று படபடவென்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் எல்லாரும் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். மனசில் பட்டுவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அப்போது குழுத் தலைவர் சொன்னார்: “எங்க ஆபீஸ்லயும் ஒருத்தரு இப்படித்தான், ரிட்டயர் ஆகுற வரைக்கும் சும்மாவே நின்னாரு.”

போனுக்குத் தெரிந்த காடு

செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லுகிற செயலி ஒன்று இப்போது எல்லார் போனிலும் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் என்ஜினியர் நான் ஒவ்வொரு பெயர் சொன்னதும் போனில் சரிபார்த்து, எனக்கு மார்க் போட்டுக்கொண்டே வந்தார். குருந்து என்றேன். போன் அதை ஏதோ ஆரஞ்சு என்றது. எனக்கு அரை மார்க். வீரை என்றேன். போன் யோசித்துவிட்டு, இந்த மரம் உங்கள் பகுதியில் கிடையாது என்றது. சைபர். அந்த மரத்தைத் தொட்டுக்கொண்டேதான் நின்றார், ஆனாலும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். ஹோட்டலுக்கு வந்ததும் வரவேற்பறையில் இருக்கிற பிளாஸ்டிக் செடியைப் படம் பிடித்தார். போன் ஒரு நொடியில் பெயர், குடும்பம், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை ஊற்ற வேண்டும் என்பது வரை சொல்லிவிட்டது. அவர் பெருமையாகப் போனை என் பக்கம் திருப்பினார்: “நீங்களும் கொஞ்சம் அப்டேட் பண்ணிக்கிட்டா நல்லாருக்கும் மேடம்.”

நாயுருவி விதை

பதினோரு பங்காளிகளில் பக்கத்தில் இருப்பவர் ஒருவர்தான், ஏழாம் பங்கு மெய்யம்மை ஆச்சி. அறுபத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். காரைக்குடியில் தனியாக இருக்கிறார். ஐப்பசியில் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஆட்டோவில் வந்து இறங்கி, ஹோட்டல்காரர்கள் காட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். பாய் பயந்துபோய் என்னைக் கூட அனுப்பினார். ஆச்சி அதிகம் பேசவில்லை. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வந்தார், ஒரு செடியையும் எதற்குக் கேட்கும் என்று கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. உலக்கைப்பாலைக்குக் கீழே கல் பலகையில் உட்கார்ந்து, தகரத்தைக் காட்டி “இது என்னத்தா ஏழு?” என்றார். நடையில் இது ஏழாவதாக நிற்கிற இடம் ஆச்சி, வேறொன்றும் இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது மரத்தை உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டினார்.

வெளியே வந்தபோது அவர் சேலைக் கரை முழுக்க நாயுருவி விதை ஒட்டியிருந்தது. ஆடு மாடு மனிதர் என்று யார் மேலாவது ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போவதுதான் அந்தச் செடியின் சாமர்த்தியம் என்று விளக்கினேன். ஆச்சி ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வாசலில் குனிந்து, விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து, வேலிக்கு உள்ளே போட ஆரம்பித்தார். நானும் உதவி செய்தேன். அரை மணி நேரம் ஆனது. எதற்கு ஆச்சி இத்தனை சிரமம், வீட்டில் போய் உதறினால் போகாதா என்றேன். நிமிராமலே சொன்னார்: “பொதுச் சொத்துல இருந்து ஒரு வெதை என்கூட வந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிறக் கூடாது, பாத்துக்க.”

ஏழு மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

கார்த்திகை பிறந்ததும் பாய் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இருக்காது. ஏதோ ஒரு கம்பெனி காட்டை மொத்தமாகக் கேட்கிறதாம். மரங்களை எடுத்துவிட்டு, தரையைச் சமப்படுத்தி, சூரிய மின்சாரத் தகடு பதிக்கப் போகிறார்களாம். பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்து, ஒருவர் சரி என்று கட்டைவிரலைப் போட, பின்னாலேயே மற்றப் பத்துக் கட்டைவிரலும் வந்துவிட்டன. மெய்யம்மை ஆச்சி மட்டும் கட்டைவிரலோடு ஒரு வரியும் எழுதியிருந்தாராம், ‘எல்லாரும் சொன்னா எனக்கென்ன’ என்று. அந்தக் குடும்பத்தில் கார்த்திகையில் படைப்பு உண்டு. முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைத்துவிட்டுப் பங்காளிகள் எல்லாரும் பெரிய வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அன்றைக்கு ஹோட்டலில் வேறு யாருக்கும் இடம் கிடையாது. பதினோரு பேரும் வருவார்கள், சாப்பிட்டுக் கை கழுவியதும் கையெழுத்து.

வேலை போவது எனக்குப் புதிது இல்லை. ஆனால் அந்த உலக்கைப்பாலையை இயந்திரம் வைத்துச் சாய்ப்பார்கள் என்பதை நினைக்கும்போது, கல்லூரியில் என் வகுப்பறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்ட நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தடவை பேசிவிட வேண்டும் என்று இருந்தது. பாய்க்கும் மனசு கேட்கவில்லை. அவர்தான் வழி சொன்னார்: “பன்னெண்டு மணிக்குத்தான் எலை போடுவாக. ஏழுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அவுகளுக்கு வேலை இல்ல. காட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போங்க டீச்சர், மனசு எளகட்டும். எளகலைன்னா பசியாச்சும் எடுக்கும்.”

ஒன்றாம் நம்பர்

நாலு நாள் உட்கார்ந்து ஒரு பேச்சு தயார் செய்தேன். வேர், மழைநீர், ஊருணி, பறவை, முன்னோர் எல்லாம் அதில் இருந்தார்கள். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்று வீட்டில் அடுப்படியில் நின்று பழகினேன். படைப்பன்று காலை பதினோரு பங்குக்காரர்களும் வேட்டியும் பட்டுச் சேலையுமாக வாசலில் கூடினார்கள். முன்னால் நின்றவர் மூத்த பங்கு வள்ளியப்பன் ஐயா, சென்னையில் பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் பரிமாறுவதானாலும் பத்திரமானாலும் எல்லாம் ஒன்றாம் பங்கிலிருந்து வரிசையாகத்தான் நடக்கும். நான் சீமைக்கருவேலத்தின் முன்னால் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “இதுதான் ஒன்று” என்றேன்.

வள்ளியப்பன் ஐயா தகரத்தைப் பார்த்தார். பின்னால் இருந்த கழிப்பறையைப் பார்த்தார். இரண்டாவது இடத்தில் இரண்டாம் பங்குக்காரர் மட்டும் முன்னால் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது இடத்திலிருந்து நான் பேசுவதை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அடுத்த தகரத்தைத்தான் தேடினார்கள். நாலும் ஐந்தும் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். சிலருக்கு நடை வேகமானது. என் பேச்சு வேலை செய்கிறது, காடு அவர்களை இழுக்கிறது என்றுதான் நான், படித்த முட்டாள், நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருணிக் கரைக்கு வந்தோம். மெய்யம்மை ஆச்சி போய்க் கல் பலகையில் உட்கார்ந்து, தலைக்கு மேலே பாலையும் பாலையில் ஏழாம் நம்பருமாக, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். நான் குரலைத் தாழ்த்த வேண்டிய இடம் அதுதான். தாழ்த்துவதற்குள் வள்ளியப்பன் ஐயா குரலை உயர்த்திவிட்டார். “மூத்த பங்குக்குக் கக்கூஸ் ஓரத்துல கருவேலம், ஏழாம் பங்குக்கு ஊருணிக்கரையும் பெரிய மரமுமா? எங்களைக் கேக்காம காட்டைப் பிரிச்சது யாரு?” ஒன்பதாம் பங்கு, தங்களுக்குச் சூரை முள்ளைத் தள்ளிவிட்டதாகச் சத்தம் போட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பதினோராம் பங்கு ஓடிப்போய்க் கடைசித் தகரத்தைப் பார்த்துவிட்டு வந்து, “எங்களுக்கு வெசச் செடியா?” என்று கேட்டார். நான் நடுவில் புகுந்து, ஐயா, இது பங்கு இல்லை, நடையில் நிற்கிற இடம், முதலில் பதினைந்து இருந்தது என்று உண்மையைச் சொன்னேன். உண்மை சொன்னதுதான் தப்பு. அப்படியானால் நாலைக் குறைத்துப் பதினொன்றாக ஆக்கியது யார் என்றார்கள். மேனேஜர் என்றேன். மேனேஜரிடம் சொன்னது யார் என்றார்கள். யாரும் சொல்லவில்லை, இட்லி ஆறிப்போகிறது என்பதற்காகத்தான் என்றேன். வள்ளியப்பன் ஐயா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தை விடப் பரிதாபம்தான் இருந்தது. “படிச்ச பொண்ணா இருக்க. பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருந்துறாப்புல சொல்லக் கூடாதா, தாயி?”

சாட்சி

பன்னிரண்டு மணிக்குச் சரியாக இலை போட்டார்கள். படைப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. முன்னோர்களுக்கு முன்னால் பதினோரு பங்கும் ஒன்றாகத்தான் விழுந்து கும்பிட்டது. சாப்பாட்டுப் பந்தியில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கை கழுவியதும் வக்கீல் குமாஸ்தா பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். காட்டைப் பிரித்த சதி யாருடையது என்று தெரியாமல் எதிலும் கையெழுத்து இல்லை, முதலில் சர்வேயர் வரட்டும் என்றார் வள்ளியப்பன் ஐயா. சர்வேயரைக் கூப்பிடப் பதினோரு பேரும் சம்மதிக்க வேண்டும், யார் முதலில் சம்மதிப்பது என்று அடுத்த சண்டை ஆரம்பித்தது. குமாஸ்தா காகிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டு இன்னொரு தடவை பாயசம் கேட்டார்.

பாய் நிலைமையைச் சமாளிக்க நினைத்து, கத்தியை எடுத்துக்கொண்டு தகரங்களை அறுத்தெறியக் காட்டுக்குள் ஓடினார். பின்னாலேயே பதினோரு பங்கும் ஓடியது. அன்று முழுக்க அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். நம்பரில் யாரும் கை வைக்கக் கூடாது, மரத்தில் ஒரு கொப்பு ஒடியக் கூடாது, புல்லைக்கூடச் செதுக்கக் கூடாது, நாளைக்குக் கேள்வி வந்தால் இதுதான் ஆதாரம் என்றார்கள். எது எது எங்கே நிற்கிறது என்பதற்குச் சாட்சி என்று என்னையும் காட்டோடு சேர்த்து நியமித்தார்கள். இப்படியாக எனக்கு வேலை நிரந்தரமானது. சாயங்காலம் கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன.

மெய்யம்மை ஆச்சி மட்டும் ஆட்டோவுக்காக வாசலில் நின்றார். எனக்கு மனசு உறுத்தியது. அவர் பேரில் பழி விழுந்துவிட்டதே. “ஆச்சி, அது நடையில நிக்கிற எடம்னு உங்களுக்குத்தான் அன்னைக்கே சொன்னேனே, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டையே வந்திருக்காதே” என்றேன். ஆச்சி சேலைக் கரையில் நாயுருவி ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து வேலிக்குள் போட்டார்.

“சண்டை வரலைன்னா கையெழுத்துல்ல வந்திருக்கும்” என்றார். “நான் ஒருத்தி மட்டும் மாட்டேன்னா, ஒத்தையில கெடுத்தவன்னு பொல்லாப்பு காலத்துக்கும் என் தலையில நிக்கும். இப்பப் பொதுவுல கெட்டுச்சு. வள்ளியப்ப அண்ணன் மட்டும் என்ன, விக்கணும்னா வந்தாக? கார் ஏறுறப்ப அவுக மொகத்தைப் பாத்தீல்ல, கலியாண வீட்டுக்கு வந்துட்டுப் போற மாதிரில்ல போறாக. பத்துப் பேரு சரின்னாகன்னு அவுகளும் சரின்னாக, அம்புட்டுத்தான்.” ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: “மழையில அந்த ஏழு அழியப் போகுது, நல்ல பெயின்டா வாங்கி இன்னொரு கை அழுத்தி எழுதச் சொல்லு.”

காடு பிழைக்க மண் வேண்டும், மழை வேண்டும், விதை வேண்டும் என்று எட்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். வேண்டாம் என்று முதல் ஆளாகச் சொல்லப் பயப்படுகிற பதினோரு பங்காளிகளும் வேண்டும் என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலும் போடாமல் விட்டுவிட்டார்கள்.